மூன்று பழைய வண்டிகள், மூன்று கட்டு பேப்பர்கள்

என் மச்சினன் பெங்களூர் ஈஜிபுராவில் மெஸ் நடத்துகிறான். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவனுக்கு ஒரு விசித்திரமான ஆசை வந்தது. மெஸ் வாசலில் ஒரு பழைய லாரியை நிறுத்தி, தொட்டியில் மேஜை நாற்காலி போட்டு இட்லி பரிமாற வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை அதே லாரியைப் பழைய வண்டி ஊர்வலத்துக்கும் ஓட்டிப் போக வேண்டும். "மாமா, உங்களுக்குத்தான் லாரிக்காரங்க பழக்கம், ஒண்ணு பார்த்துக் குடுங்க" என்றான். என் அப்பா கலாசிபாளையத்தில் ஒரு பார்சல் ஆபீஸில் கணக்கு எழுதினார், என் லாரி பழக்கம் அதோடு சரி. ஆனால் அந்தக் காலத்து மேஸ்திரி ஒருவர் இன்னும் அல்சூரில் இருக்கிறார். நாற்பது வருஷம் லாரிக்கு அடியில் படுத்து எழுந்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஞாயிறுதோறும் அலைந்தோம். கடைசியில் மூன்று வண்டிகள் மிஞ்சின. பெயின்ட், டயர், இன்ஜின் சத்தம் எல்லாம் காசு போட்டால் சரியாகிவிடும், அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இரும்பில் குத்திய எண்ணையும் பெட்டியில் இருக்கும் பேப்பரையும் வைத்து மட்டும் இந்த மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

முதலில் சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்த நாளிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். இரு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு மட்டும், அதுவும் சொந்த உபயோகமாக இருக்க வேண்டும். சேஸ் என்கிற அடிச்சட்டம், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், அப்புறம் மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும் ரோட்டில் இறக்கலாம். காய்கறி ஏற்றிவர முடியாது.

இதைப் படித்துக் காட்டியபோது மச்சினன் முகம் வாடிவிட்டது. சரக்கு லாரி என்று பதிவான வண்டி இந்த விதிக்குள் வராது, அது எத்தனை கிழமானாலும். மூன்று வண்டிகளில் இரண்டு இந்த ஒரு பத்தியிலேயே அடிபட்டன என்று அப்போது நினைத்தோம். கணக்கு அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

முதல் வண்டி அத்திப்பள்ளிக்கு உள்ளே ஒரு தோப்பில், புளியமரத்தடியில் நின்றது. மூக்கு நீண்ட டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி, 1966 பதிவு. கிரில்லில் மூன்று முனை நட்சத்திரம் அப்படியே இருந்தது. ஜெர்மன் கம்பெனியோடு டாடாவின் லாரி கம்பெனியான டெல்கோ போட்ட கூட்டு 1954 முதல் 1969 வரைதான். அதற்குப் பிறகு வந்த லாரிகளில் டாடாவின் சின்னம்தான். இந்த நட்சத்திரத்துக்கு இப்போது நல்ல விலை என்பதால் எழுபதுகளின் லாரியில் கொண்டுவந்து ஒட்டுபவர்களும் உண்டு, ஆகவே நட்சத்திரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம் என்றார் மேஸ்திரி. அவர் நேராகப் படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

சேஸ் நம்பர் இருந்த இடத்தில் ஐம்பது வருஷத்து கிரீஸும் மண்ணும் சேர்ந்து அடை போல ஒட்டியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போன மச்சினனின் கையை மேஸ்திரி தட்டிவிட்டார். தேய்த்தால் எழுத்தும் போகும், நாம்தான் அழித்தோம் என்ற பெயரும் வரும். துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினார். டார்ச்சை நேராக அடிக்காமல் இரும்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து வந்தது. அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து ஒரு பிரின்ட் எடுத்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் விண்ணப்பத்தில் ஒட்டச் சொல்வதும் இதே பென்சில் பிரின்ட்தான்.

அதில் அவர் தேடியது மூன்று விஷயம். எழுத்துகள் ஒரே உயரமா, ஒரே ஆழமா. சுற்றியிருக்கும் துருவும் எழுத்துக்குள் இருக்கும் துருவும் ஒரே வயசா. பக்கத்தில் கிரைண்டர் ஓடிய கோடு இருக்கிறதா. கம்பெனியில் குத்தியதென்றாலும் கை கொஞ்சம் ஆடியிருக்கும், ஒரு எழுத்து சற்றே சாய்ந்திருந்தால் பயப்படத் தேவையில்லை. சமதளமாகப் பளபளவென்று தேய்ந்த இடத்தில் அழகாக வரிசையாக நிற்கும் எழுத்துகளைப் பார்த்தால்தான் பயப்பட வேண்டும். பட்டி வைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தால் காந்தம் அங்கே சரியாக ஒட்டாது. மேஸ்திரி சட்டைப் பையில் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எப்போதும் இருக்கும்.

நம்பரின் நீளமும் ஒரு சாட்சி. 17 எழுத்து கொண்ட எண் முறை உலகத்துக்கே எழுபதுகளின் கடைசியில்தான் வந்தது. அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்து கட்டாயமானது. நம் ஊர் வண்டிகளில் எம்.ஏ.1 என்று ஆரம்பித்தால் மகிந்திரா, எம்.ஏ.டி. என்றால் டாடா, எம்.பி.1 என்றால் அசோக் லேலண்ட் என்று பார்க்கிறோமே, அதெல்லாம் இந்த முறைக்குப் பிறகு வந்தது. அறுபதுகளின் லாரிக்கு 17 எழுத்து நம்பர் காட்டினால் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். நம் லாரியில் குட்டையான எண்தான், புத்தகத்தில் இருந்ததோடு ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது. இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை. ஆனால் இன்ஜின் மாற்றியதைப் புத்தகத்திலேயே பச்சை மையில் எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். லாரிக்கு இன்ஜின் மாறுவது சகஜம். அது பேப்பரில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த ஆர்.சி. புத்தகத்தை நான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பைப் படிக்க மேஸ்திரிக்குத் தெரியும், தாளைப் படிக்க எனக்குக் கொஞ்சம் தெரியும். போலிப் புத்தகம் செய்பவன் நம்பரில் தப்பு செய்ய மாட்டான், ஊர்ப் பெயரில் மாட்டிக்கொள்வான். மைசூர் மாநிலம் கர்நாடகா என்று பெயர் மாறியது 1973 நவம்பர் 1 அன்று. ஆகவே 1966 புத்தகத்தின் அட்டையில் கர்நாடகா என்று அச்சாகியிருந்தால் அது அசல் புத்தகம் அல்ல. பிறகு வாங்கிய டூப்ளிகேட் என்றால் டூப்ளிகேட் என்று எழுதியிருக்க வேண்டும். சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. இன்று ஓடும் கே.ஏ., டி.என். வரிசையும் 1988ஆம் வருஷச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது 1989 ஜூலை 1. அதற்கு முந்தைய புத்தகம் 1939ஆம் வருஷச் சட்டத்தைத்தான் சொல்லும். இதற்கு முன்னால் ஓசூர் பக்கம் ஒரு ஃபார்கோ லாரி பார்த்தோம். 1964 அசல் புத்தகம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்கள். முதல் ஓனர் விலாசத்தில் நாமக்கல் மாவட்டம் என்று இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்.

அத்திப்பள்ளிப் புத்தகம் இந்தப் பரீட்சை எல்லாம் பாஸ். ஆனால் உள்ளே வேறு சிக்கல்கள். மூன்றாவது ஓனர் காலமாகிவிட்டார், விற்பவர் அவருடைய மூத்த மகன். அப்பா பெயரில் இருக்கும் வண்டியை அவர் நேராக நமக்கு மாற்ற முடியாது. ஃபார்ம் 31 போட்டு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தங்கைகள் இருவரின் சம்மதம் எல்லாம் வைத்து முதலில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அப்புறம்தான் நமக்கு மாற்றும் ஃபார்ம் 29, 30. அடுத்தது ஹெச்.பி., அதாவது வண்டி மேல் வாங்கிய கடன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ஊதா மையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்ப். கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் அடைந்ததென்று யாரும் புத்தகத்தில் எழுதவில்லை. கம்பெனியே இப்போது இல்லை. ஃபார்ம் 35இல் கையெழுத்துப் போட யாரைத் தேடுவது? கம்பெனியை நடத்தியவர்களின் வாரிசுகளையோ, பழைய ரசீதுகளையோ பிடித்துக்கொண்டு ஆர்.டி.ஓ.விடம் எழுதிக் கேட்பதுதான் வழி. வரி இன்னொரு தலைவலி. வண்டி ஓடவில்லை என்று அந்தந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே பாக்கி ஏறியிருக்கும். மகனிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் எழுதிக் கொடுத்த தாள்களின் நகல் இருந்தது என்பதை நான் இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறேன். அப்பா காலத்து ஆட்களே தனி.

கம்ப்யூட்டரில் தேடினால் இந்த வண்டி இல்லை. மச்சினன் பதறிப்போனான். பழைய தாள் புத்தகங்கள் பலவும் வாகன் என்ற அரசுக் கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஏறவே இல்லை. அசல் புத்தகத்தைக் காட்டி, பதிவான ஆபீஸில் பேக்லாக் என்ட்ரி போடச் சொல்லி ஏற்ற வேண்டும். ஆகவே ஆப்பில் இல்லை என்பதால் போலி என்று முடிவு கட்ட முடியாது. அதேபோல ஆப்பில் வண்டி வருகிறது என்பதாலும் எதிரே நிற்கும் இரும்பு அந்த வண்டிதான் என்று ஆகிவிடாது.

இரண்டாவது வண்டி ராணுவ ஏலத்தில் வந்த நிஸான் ஒன் டன். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ஜப்பான் உரிமத்தில் செய்தவை இவை. ஹெண்ணூர் தாண்டி ஒரு ஷெட்டில் இருந்தது. பச்சைப் பெயின்ட்டும் மேல்நோக்கிய அம்புக்குறி நம்பரும் பார்த்ததும் மச்சினன் விழுந்துவிட்டான். அந்த அம்புக்குறிக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கம் ராணுவம் வண்டியை வாங்கிய வருஷம், இதில் 84 என்று இருந்தது. அந்த எண் ராணுவத்தோடு சரி, வெளியே அதற்கு மதிப்பில்லை. சேஸ் நம்பர் தனி.

ராணுவ வண்டியில் இரும்பு பெரும்பாலும் சுத்தம். வம்பெல்லாம் பேப்பரில்தான். பதிவு செய்ய, பாதுகாப்புத் துறையின் சம்பந்தப்பட்ட அதிகாரி ஃபார்ம் 21இல் கொடுத்த அசல் விற்பனைச் சான்றிதழ் வேண்டும். இந்த ஷெட்காரரிடம் இருந்தது ஒரு ஏலக் கடிதத்தின் ஜெராக்ஸ். அதில் பன்னிரண்டு வண்டிகள் ஒரே லாட்டாக ஒரு கான்ட்ராக்டர் பெயரில். அவர் இன்னொருவருக்கு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவர் இவருக்கு. பன்னிரண்டு சேஸ் நம்பர்களில் நம்முடையது ஏழாவது. ஆனால் அதே ஜெராக்ஸைக் காட்டி மற்ற பதினொன்றையும் பதினொரு பேர் விற்றிருப்பார்கள். அசல் யாரிடம்? "அது கிடைச்சுடும் சார், கவலைப்படாதீங்க." அந்தக் 'கிடைச்சுடும்' என்ற வார்த்தைக்கு நாலரை லட்சம் கேட்டார்.

அசல் கிடைத்தாலும் ஒன்று யோசிக்க வேண்டும். விண்டேஜ் விதி எண்ணுவது முதல் பதிவிலிருந்து. 1984 வண்டியை இன்று பதிந்தால் அதற்கு 50 வயது ஆவது எப்போது என்று மச்சினனைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, "என் பையன் ஓட்டட்டும்" என்றான். சாதாரண அரசு அலுவலக ஜீப், லாரி ஏலத்தில் வருகிறது, ஆர்.சி. போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அதற்கு இன்னும் கடுமையான பதில் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, அவை உடைப்பதற்குத்தான் போக வேண்டும். போருக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உள்ள விசேஷ வண்டிகளுக்கு விலக்கு உண்டே தவிர, பி.டபிள்யூ.டி. ஜீப்புக்கு இல்லை.

மூன்றாவதைச் சிவாஜி நகர் குஜிரி என்கிற பழைய சாமான் சந்தைக்குப் பழக்கமான ஒரு புரோக்கர் காட்டினார். ஜீப்பின் முதுகில் பிக்கப் தொட்டி வைத்தது. மூன்றே முக்கால் லட்சம்தான், மூன்றில் இதுதான் மலிவு, இதுதான் அழகும். 1944 வில்லிஸ் எம்.பி., சொந்த உபயோகப் பதிவு, 1958 புத்தகம், கையில் ஸ்மார்ட் கார்டு வேறு. விண்டேஜ் விதிக்குள் கச்சிதமாக உட்காரும் வண்டி என்று நானே நினைத்தேன்.

மேஸ்திரி வழக்கம்போல் படுத்தார். இரண்டு நிமிஷத்தில் எழுந்து முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். யுத்த காலத்து ஜீப்பை வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனியும் ஒரே வரைபடத்தில் செய்தார்கள், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முன் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்துப் போட்ட தகரப் பள்ளம். இதில் இருந்தது பள்ளம். அடுத்து நம்பர். வில்லிஸில் சேஸ் எண் இடது சட்டத்தின் உட்புறம் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். ஃபோர்டில் இடது சட்டத்தின் மேல்தளத்திலேயே ஜி.பி.டபிள்யூ. என்ற எழுத்தோடு குத்தியிருக்கும். நம் வண்டியில் அந்த மேல்தளம் மழமழவென்று தேய்க்கப்பட்டு, எம்.பி. என்று புது எழுத்தில் ஒரு எண். அது ஸ்மார்ட் கார்டோடு ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஏன் பிசகப் போகிறது, கார்டைப் பார்த்துத்தானே குத்தியிருக்கிறார்கள்.

ஃபோர்டின் சட்டத்தில் செத்துப்போன ஒரு வில்லிஸின் பேப்பரை ஏற்றியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடும் நடந்திருக்கலாம், ஒருவர் துருப்பிடித்த சேஸை மாற்றியிருக்கலாம். துருவில் எண் போய்விட்டால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு மறுபடி பஞ்ச் அடிப்பதும் நடக்கிறதுதான். அப்படியென்றால் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டேன். புரோக்கர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். டேஷ்போர்டில் பித்தளைத் தகடு பளபளத்தது. யுத்த ஜீப்புகளின் தகடு புதிதாகவே அச்சடித்து விற்கிறார்கள், அதை ஒரு அலங்காரமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் இன்ஜினுக்குப் பதில் டிராக்டர் டீசல். சேஸ் விஷயத்தை மறந்தாலும், விண்டேஜ் விதியில் இன்ஜின் மாற்றத்திலேயே வண்டி விழுந்துவிடும்.

தேய்த்த எண்ணைத் திரும்ப வரவழைக்க முடியும். எழுத்தைக் குத்தும்போது அடி அந்தப் பள்ளத்தோடு நிற்பதில்லை, அதற்குக் கீழே இருக்கும் இரும்பும் நசுங்கி இறுகிவிடுகிறது. மேலே தேய்த்து எடுத்தாலும் நசுங்கிய பகுதி அமிலத்தில் வேறு வேகத்தில் அரிக்கும், பழைய எண் நிழல் போல எழும். மடிவாளாவில் இருக்கும் தடய அறிவியல் கூடம் போன்ற இடங்களில் இப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது போலீஸும் கோர்ட்டும் அனுப்பும் இடம், நாமாக வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் காட்ட முடியாது. அப்படி அங்கே போகும் நிலை வந்தால் நாம் வாங்குபவர் என்ற இடத்திலிருந்து திருட்டுப் பொருளை வைத்திருந்தவர் என்ற இடத்துக்கு மாறியிருப்போம். பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு 317ஆவது பிரிவு. வாங்குமுன் நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் சேஸ், இன்ஜின், பதிவு எண் போட்டுத் திருட்டு வண்டியா என்று தேடலாம். காசில்லை, ஐந்து நிமிஷம். எண்பதுகளில் காணாமல் போன வண்டி எல்லாம் அதில் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், அவ்வளவுதான்.

டெல்லி வண்டி மலிவு என்று ஒரு பேச்சு இங்கே எப்போதும் ஓடும். அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளின் பதிவை 2022 ஜனவரி 1 முதல் ரத்து செய்தார்கள். கார்டு கையில் இருக்கும், பதிவு உயிரோடு இருக்காது. பழைய ஆர்.டி.ஓ. ஆட்சேபணை இல்லை என்று கொடுக்கும் ஃபார்ம் 28 என்.ஓ.சி. கையில் வராமல் வெளி மாநில வண்டிக்கு டோக்கன்கூடக் கொடுக்காதீர்கள். விற்பவர் கையெழுத்துப் போட்டுப் பெயர் எழுதாமல் விட்ட ஓப்பன் ஃபார்மோடு வரும் வண்டிக்கும் இதே பதில்தான். நடுவில் எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது.

மச்சினன் கடைசியாக ஒரு நாலாவது வழி சொன்னான். "பேப்பரே வேண்டாம், பழைய இரும்புக் கடையில ஒரு லாரிக் கூடு வாங்கி நிறுத்திட்டா?" ஊர்வலத்தை மறந்துவிட்டால் மூன்றையும்விடப் புத்திசாலித்தனமான யோசனை இதுதான். ஒரு லட்சத்துக்குள் முடியும், வண்டி ஓடத் தகுதி என்று வாங்கும் எஃப்.சி. இல்லை, வரி இல்லை. கேட்க வேண்டியது பதிவு ரத்தான ஆர்டரும் கடைக்காரர் பில்லும் மட்டும். அவை இல்லாத கூடு என்றால் அதுவும் வம்புதான். இடம் சொந்த இடமாக இருக்க வேண்டும். மெஸ் வாசல் என்று அவன் சொல்வதில் பாதி ஃபுட்பாத், அது வேறு கதை.

ஆனால் ஊர்வல ஆசை விடவில்லை. ஆகவே அத்திப்பள்ளிக்கே திரும்பினோம். அது சரக்கு லாரியாகவே இருக்கும், விண்டேஜ் நம்பர் கிடையாது. ரோட்டில் இறக்க வேண்டுமென்றால் வருஷாவருஷம் எஃப்.சி. 2025 நவம்பரில் வந்த அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டிய கனரக லாரிக்கு அதற்குக் கட்டணம் மட்டும் 25,000 ரூபாய். ஆறு லட்சம் விலையோடு இதையும் சேர்த்தால் மூன்றில் இதுதான் செலவு அதிகம். நான் இதைத்தான் வாங்கச் சொன்னேன். இதன் குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபார்மும் ஒரு கவுன்ட்டரும் இருக்கிறது. ஒன் டன்னுக்கு ஒரு அசல் தாள் எங்கேயோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஜீப்புக்கு இருப்பது வேறொரு வண்டியின் பேப்பர்.

டோக்கன் பத்தாயிரம். மகன் தன் பெயருக்கு மாற்றி, ஹெச்.பி. ரத்தாகி, பேக்லாக் ஏறிய பிறகே மீதி என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டோம், பென்சில் பிரின்ட்டின் ஒரு நகலையும் அதிலேயே ஒட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். நாலு மாதம் ஆகிறது. ஃபார்ம் 31 முடிந்தது, ஹெச்.பி. இன்னும் இழுக்கிறது. போன ஞாயிறு போய்ப் பார்த்தோம். கேபினுக்குள் டிரைவர் சீட்டில் கோழி ஒன்று ஏழு முட்டை வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கிறவரை வண்டியை நகர்த்தக் கூடாது என்று அந்த வீட்டு அம்மா சொல்லிவிட்டார்.